இருபத்தோரு இலக்க எண் ஒன்றின் வரலாறு

நாட்டிற்கு வரலாறு உண்டு. மொழிக்கு வரலாறு உண்டு. மன்னர்க்கும் புலவர்க்கும் வரலாறு உண்டு. எண்ணுக்கும் வரலாறு உண்டோ என்று சிலர் வினவக்கூடும். எண்கள் பிறப்பதுமில்லை, மறைவதுமில்லை. ஏழு அன்றும் ஏழே, இன்றும் ஏழே. ஆயினும் ஓர் எண்ணைப் பற்றி மனிதர் அறிந்தவையும், அறிந்ததாக எண்ணியவையும் காலந்தோறும் மாறி வந்துள்ளன. அந்த மாற்றத்தையே நான் எண்ணின் வரலாறு என்கிறேன். அத்தகைய எண் ஒன்றைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களோடு இன்று பேச விரும்புகிறேன்.

கையில் தாளும் எழுதுகோலும் இருப்பின் அவ்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துச் சொல்கிறேன்: 147,573,952,589,676,412,927. மொத்தம் இருபத்தோரு இலக்கங்கள். இதனை நினைவில் வைத்தல் அரிது, உண்டாக்குதல் எளிது. அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்குங்கள். வந்த பெருக்குத்தொகையில் ஒன்றைக் கழியுங்கள். அதுவே நம் எண். கணித நூலார் இதனை ‘இரண்டின் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு’ என்பர். 2⁶⁷ − 1 என்று எழுதுவர்.

சதுரங்கக் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முதற் கட்டத்திற்கு ஒரு தானிய மணி, இரண்டாம் கட்டத்திற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என இரட்டித்துக்கொண்டே சென்றால், 64 கட்டங்களுக்கும் வேண்டிய மணிகளின் தொகை இரண்டின் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவாகும். அம்மன்னனுடைய பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் இருந்திருப்பின், அவன் கொடுக்க வேண்டிய மணிகள் சரியாக நம் எண்ணின் அளவினவாக இருந்திருக்கும்.

இவ்வெண்ணைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே. இது பகா எண்ணா, பகு எண்ணா? ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். 2, 3, 5, 7, 11 ஆகியவை அத்தகையன. 15 பகு எண். 3-உம் 5-உம் அதன் காரணிகள். பள்ளிச் சிறுவனும் கேட்கக்கூடிய இந்த எளிய கேள்விக்கு முழு விடை கிடைக்க 1644 முதல் 1903 வரை, 259 ஆண்டுகள் சென்றன. அதுவரை ஒரு பெரியவரின் சொல்லே விடையாக நின்றது.

இத்தகைய எண்கள்மீது அறிஞர்க்கு ஆர்வம் எழுந்தது ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 6 என்னும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைவிடச் சிறிய எண்களுள் அதனை மீதியின்றி வகுப்பவை 1, 2, 3. இவற்றைக் கூட்டினால் மீண்டும் 6 வருகிறது. 28-ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14. இவற்றைக் கூட்டினாலும் 28 வருகிறது. இத்தகையவற்றைப் பண்டைய கிரேக்கர் நிறைவெண்கள் எனப் போற்றினர். ஏறத்தாழ கி.மு. 300-இல் வாழ்ந்த யூக்ளிட், இவற்றைக் காண ஒரு வழி வகுத்தார். இரண்டின் ஓர் அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் பகா எண் கிடைக்குமாயின், அதனை அதற்கு முந்தைய இரண்டின் அடுக்கால் பெருக்குக. நிறைவெண் கிடைக்கும் என்பதே அவ்வழி. 4-இல் ஒன்று குறைவு 3. இரண்டு மூன்று ஆறு. 8-இல் ஒன்று குறைவு 7. நான்கு ஏழு இருபத்தெட்டு. 32-இல் ஒன்று குறைவு 31. பதினாறு முப்பத்தொன்று 496. இதுவும் நிறைவெண்ணே. ஆகவே நிறைவெண்களைத் தேடுவோர், இரண்டின் எந்தெந்த அடுக்கில் ஒன்று குறைத்தால் பகா எண் வரும் என்று தேட வேண்டியவராயினர்.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் பயனில்லை என்பதை எளிதில் காட்டலாம். இரண்டின் ஆறாம் அடுக்கில் ஒன்று குறைவு 63; அது 3-ஆலும் 7-ஆலும் வகுபடும். ஆகவே அடுக்கு பகா எண்ணாகவே இருத்தல் வேண்டும். அவ்வாறு இருந்துவிட்டால் போதுமா? 2, 3, 5, 7 ஆகிய அடுக்குகள் 3, 7, 31, 127 என்னும் பகா எண்களைத் தருகின்றன. இந்நான்கையும் கண்டோர், எல்லாப் பகா அடுக்குகளும் இவ்வாறே என்று நம்பிவிடுதல் இயல்பு. ஆனால் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு 2047. இது 23-ஐயும் 89-ஐயும் பெருக்கியதனால் வருவது. 1536-இல் வெளியான ஒரு நூலில் இவ்வுண்மை இடம் பெற்றது. நான்கு சான்றுகள் ஒத்து நின்றமையால் ஐந்தாவதும் ஒத்து நிற்கும் என்பது கணிதத்தில் செல்லாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இனி மாரீன் மெர்சென் என்பாரிடம் வருவோம். 1588-இல் பிறந்த இவர் பிரெஞ்சு நாட்டுத் துறவி. அறிவியல் இதழ்கள் தோன்றாத அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர் பலரோடும் கடிதத் தொடர்பு கொண்டு, ஒருவர் கண்டதை மற்றவர்க்கு அறிவிக்கும் அரும்பணியைப் பாரிசு நகரிலிருந்து ஆற்றினார். தெக்கார்த்தும் பெர்மாவும் அவருக்கு எழுதியோருள் அடங்குவர். 1644-இல் அவர் வெளியிட்ட நூலின் முன்னுரையில் ஒரு பட்டியல் காணப்பட்டது. 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினோர் அடுக்குகளே பகா எண்களைத் தரும். 257 வரையுள்ள ஏனைய அடுக்குகள் தரா என்பது அதன் பொருள். நம் எண் பகா எண் என்பது அவர் தீர்ப்பு.

எவ்வாறு கண்டார் என்பதை அவர் எழுதவில்லை. பதினைந்து அல்லது இருபது இலக்கமுள்ள ஓர் எண் பகா எண்தானா என்று சோதிக்கக் காலமெல்லாம் போதாது என்று அவரே எழுதியுமிருக்கிறார். நம் எண்ணுக்கு இருபத்தோரு இலக்கங்கள். 257-ஆம் அடுக்கில் வருவதற்கோ 78 இலக்கங்கள். எனினும் சொன்னவர் பெரியவர். மறுத்துக் காட்டக் கருவியுமில்லை. எனவே அப்பட்டியல் நின்றது. 1772-இல் ஆய்லர் என்னும் பேரறிஞர், 31-ஆம் அடுக்கில் வரும் 2,147,483,647 பகா எண்ணே என நிறுவினார். மெர்சென் சொல்லியதில் ஒன்று மெய்யாயிற்று. ஒன்று மெய்யாகவே, ஏனையவற்றின் மீதும் நம்பிக்கை வளர்ந்தது.

232 ஆண்டுகள் கழித்து, 1876-இல், எடுவார் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இப்பட்டியலைச் சோதிக்கப் புகுந்தார். மூன்று கம்பங்களில் வட்டத்தட்டுகளை மாற்றி அடுக்கும் ‘ஹனோய்க் கோபுரம்’ என்னும் விளையாட்டைப் பின்னாளில் அமைத்தவரும் இவரே. அவ்விளையாட்டில் 67 தட்டுகளை வைத்தால், அவற்றை ஒரு கம்பத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றக் குறைந்த அளவு எத்தனை நகர்த்தல்கள் வேண்டும் தெரியுமா? நம் இருபத்தோரு இலக்க எண்ணின் அளவு வேண்டும்.

லூக்கா கண்ட சோதனையை, 1930-இல் டெரிக் லெமர் என்னும் அமெரிக்க அறிஞர் சீராக்கிய வடிவில் உங்களுக்குச் சொல்கிறேன். 4-இல் தொடங்குக. அதனை வர்க்கித்து இரண்டைக் கழிக்க. சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. மீதியை மீண்டும் வர்க்கித்து இரண்டைக் கழிக்க. இவ்வாறு அடுக்கில் இரண்டு குறைவான தடவை செய்க. இறுதியில் மீதி சுழியானால் அது பகா எண். சுழி இல்லையேல் பகு எண். 31-ஐச் சோதிப்போம். அதன் அடுக்கு 5. எனவே மூன்று தடவை செய்ய வேண்டும். 4-இன் வர்க்கம் 16. இரண்டு போக 14. 14-இன் வர்க்கம் 196. இரண்டு போக 194. 31-ஆல் வகுத்தால் மீதி 8. எட்டின் வர்க்கம் 64; இரண்டு போக 62; மீதி சுழி. ஆகவே 31 பகா எண். 2047-க்கு இவ்வாறே ஒன்பது தடவை செய்தால் இறுதி மீதி 1736 வரும். ஆகவே அது பகு எண்.

இங்கே ஒரு வியப்பைக் கவனியுங்கள். 1736 என்ற மீதி, 2047 பகுபடும் என்று உறுதியாகச் சொல்கிறது. எதனால் பகுபடும் என்று சொல்வதில்லை. 23 என்பதையோ 89 என்பதையோ அதில் காண முடியாது. பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்பதைப் பேச்சொலியால் அறிகிறோம். யார் என்பது கதவு திறந்தால்தான் தெரியும். லூக்கா பெற்ற அறிவும் இத்தகையதே. 127-ஆம் அடுக்கில் வரும் 39 இலக்க எண் பகா எண் என்று அவர் கண்டார். அதில் மெர்சென் சொல்லியது சரி. ஆனால் 67-ஆம் அடுக்கில் வரும் நம் எண் பகு எண் என்று கண்டார். மெர்சென் தவறிவிட்டார். காரணிகள் எவை என்பதோ லூக்காவுக்கும் தெரியவில்லை.

அக்காரணிகளைக் காணுதல் எத்துணை அரிது என்று பார்ப்போம். பெர்மா கண்ட விதி ஒன்று நமக்கு உதவுகிறது. 67-ஐ இரட்டித்தால் 134. நம் எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதனை 134-ஆல் வகுத்தால் மீதி ஒன்றே வர வேண்டும். 2047-இல் இதனைச் சரிபார்க்கலாம். 11-ஐ இரட்டித்தால் 22. 23-ஐயும் 89-ஐயும் 22-ஆல் வகுத்தால் மீதி ஒன்றே. பின்வந்தோர் கண்ட மற்றொரு விதியும் உண்டு. காரணியை எட்டால் வகுத்தால் மீதி ஒன்றாகவோ ஏழாகவோ இருத்தல் வேண்டும். இவ்விரு விதிகளும் வழிவிட, நம் எண்ணுக்காக நாம் முதலில் சோதிக்க வேண்டிய பகா எண் 1609. அங்கிருந்து தொடங்கி, வகுக்கும் எண் கிடைக்கும் வரை சோதித்துக்கொண்டே சென்றால், எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்கள் தேவைப்படும். எத்தனையாவது வகுத்தலில் விடை காத்திருக்கிறது என்பதும் முன்கூட்டித் தெரியாது.

இப்பணியை முடித்தவர் பிராங்க் நெல்சன் கோல். அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். அமெரிக்கக் கணிதக் கழகத்தின் செயலாளராக நெடுங்காலம் பணிபுரிந்தவர். 1903 அக்டோபர் 31-ஆம் நாள் நியூயார்க்கில் அக்கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. ‘பெரிய எண்களின் காரணிகளைக் காணுதல்’ என்னும் பொருளில் கோல் தம் கட்டுரையை அளித்தார். அன்று நடந்ததாக ஈ. டி. பெல் என்னும் கணித எழுத்தாளர் பின்னாளில் ஒரு செய்தியைத் தம் நூலில் பதிவு செய்தார், அதனைச் சொல்கிறேன்.

கோல் எழுந்து கரும்பலகை அருகே சென்றார். ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டின் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு, அதில் ஒன்றைக் கழித்து எழுதினார். பின்னர் பலகையின் வெற்றிடத்துக்கு நகர்ந்து, 193,707,721 என்னும் எண்ணையும் 761,838,257,287 என்னும் எண்ணையும் எழுதி, வரிவரியாகப் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அப்போதும் பேசாமலே தம் இருக்கைக்குத் திரும்பினார். அவையோர் கைதட்டினர். எவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பெல் பின்னர் வினவியபோது, மூன்றாண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடை கூறினாராம்.

மூன்றாண்டுகளில் ஞாயிற்றுக்கிழமைகள் ஏறத்தாழ 156. எண்பதாயிரம் வகுத்தல்களை அவற்றுள் அடக்க வேண்டுமாயின், ஒவ்வொரு ஞாயிறும் ஐந்நூறுக்கு மேற்பட்ட பெரு வகுத்தல்களைச் செய்ய வேண்டும். தனி மனிதர் கையால் அஃது இயலாது. ஆகவே கோல் வெறும் உழைப்பை மட்டும் நம்பவில்லை. வர்க்க எண்களை வகுத்தால் வரும் மீதிகளின் இயல்பை ஆராய்ந்து, காரணியாக இருக்க முடியாதவற்றைக் கூட்டம் கூட்டமாகச் சல்லடையிட்டுத் தள்ளினார். எஞ்சியவற்றையே சோதித்தார். பொறுமையும் நுண்ணறிவும் கைகோத்த இடத்தில் அவருக்கு வெற்றி கிட்டியது.

கோல் எழுதிய அவ்விரு எண்களையும் நான் ஒரு மாலைப்பொழுதில் தாளில் எழுதிப் பெருக்கிப் பார்த்தேன். ஒன்பது இலக்கமும் பன்னிரண்டு இலக்கமும் சேர, ஓரிலக்கப் பெருக்கல்கள் 108. பின்னர் ஒரு நீண்ட கூட்டல். அரைமணி நேரத்திற்குள் முடிந்துவிட்டது. வாய்பாடு அறிந்த எவரும் இதனைச் செய்யலாம். ஒன்பதின் மீதியைக் கொண்டு சரிபார்ப்பதும் எளிது. முதற் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37. மீண்டும் கூட்டிச் சுருக்கினால் 1. இரண்டாவதன் இலக்கங்கள் 64, சுருக்கினால் 1. நம் எண்ணின் இலக்கங்கள் 109. அதுவும் சுருங்கி 1 ஆகிறது. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. கணக்கு ஒத்து நிற்கிறது. ஆயினும் இவ்வாறு ஒத்தல் ஒரு துணைச் சான்றே. பிழையான கணக்கும் சில வேளை ஒன்பதின் சோதனையில் தேறிவிடும். முழுப் பெருக்கலே முடிந்த சான்று.

மூன்றாண்டு உழைத்துத் தேடியதை அரைமணி நேரத்தில் எவரும் சரிபார்க்கலாம் என்பதே கணிதத்தின் நேர்மை. மெர்சென் சொல்லியதை ஏற்பதற்கு மெர்சென் மீது நம்பிக்கை வேண்டியிருந்தது. கோல் சொல்லியதை ஏற்பதற்குக் கோல் யார் என்று கூடத் தெரிய வேண்டியதில்லை. அவர் பேசாமல் நின்றதும் பொருத்தமே, பலகை பேசியது.

பட்டியலின் எஞ்சிய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1883-இல் இவான் பெர்வூஷின் என்னும் உருசியப் பாதிரியார், மெர்சென் விட்டுவிட்ட 61-ஆம் அடுக்கும் பகா எண்ணைத் தருவதாக நிறுவினார். அமெரிக்க இரயில்வே ஊழியரான ஆர். ஈ. பவர்சு என்பவர் 1911-இல் 89-ஐயும், 1914-இல் 107-ஐயும் சேர்த்தார். 257 பகு எண்ணையே தருகிறது என்பது 1920-களில் தெளிந்தது. 1947-க்குள் அப்பட்டியலின் எல்லை முழுவதும் சோதித்து முடிக்கப்பட்டது. 257 வரையுள்ள பகா அடுக்குகள் 55. அவற்றுள் மெர்சென் சொல்லியவற்றில் ஐம்பது சரி, ஐந்து பிழை. பாதிரியாரும் இரயில்வே ஊழியரும் பேராசிரியரும் திருத்தியபோது, பெயரின் பெருமையை எவரும் தடையாகக் காட்டவில்லை. மெர்சென்னின் புகழும் குன்றவில்லை. இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. நல்ல கேள்வியை உலகுக்குத் தந்தவர் என்னும் பெருமை அவருக்கு உரியது.

லூக்கா கண்டதற்கும் கோல் கண்டதற்கும் இடையே உள்ள வேறுபாடு, அதாவது பகுபடும் என்று அறிதலுக்கும் எதனால் பகுபடும் என்று அறிதலுக்கும் உள்ள தொலைவு, இன்றளவும் குறையவில்லை. மின்னணுக் கணிப்பொறிகள் வந்தபின் நம் எண்ணின் காரணிகளை ஒரு நொடிக்குள் காண முடிகிறது. ஆனால் எண்கள் நீள நீள, கணிப்பொறியும் திகைக்கிறது. எந்த எண்ணையும் எடுத்து அது பகா எண்ணா, பகு எண்ணா என்று ஐயமறவும் விரைவாகவும் கூறும் பொதுவழி ஒன்றை, 2002-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர் கண்டு உலகப் புகழ் பெற்றனர். அவர்களுள் பின்னிருவர் அப்போது மாணவப் பருவத்தினர். பல நூறு இலக்கமுள்ள பகு எண்ணின் காரணிகளைக் காண்பதற்கோ, சாதாரணக் கணிப்பொறிகளுக்கு அத்தகைய விரைவான பொதுவழி எதுவும் கண்டறியப்படவில்லை. இவ்வருமையையே அரணாகக் கொண்டு, 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்னும் மூவர் மறைமொழி முறை ஒன்றை வகுத்தனர். பெரும் பகா எண்கள் இரண்டை எடுத்துப் பெருக்கினால், பெருக்குத்தொகையை ஊரறியச் சொல்லலாம். காரணிகள் மறைந்தே இருக்கும். கோல் மூன்றாண்டு போராடிய அதே அருமை, மனிதரின் இரகசியங்களுக்குக் காவலாக அமைந்தது.

பகா எண்களைத் தேடுவோரும் ஓயவில்லை. 2024 அக்டோபரில் இரண்டின் 13,62,79,841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண் பகா எண் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு நான்கு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள். லூக்காவும் லெமரும் காட்டிய சோதனையே அதன் உறுதிக்கும் பயன்பட்டது.

மாணவ நண்பர்களே, நூலில் இருக்கிறது என்பதாலோ, பெரியோர் சொல்லினர் என்பதாலோ ஒன்றை மதித்துக் கேளுங்கள். மதிப்போடு சோதித்தும் பாருங்கள். அதற்கு ஒரு சிறு கணக்கைத் தந்து விடைபெறுகிறேன். கத்தால்தி என்னும் இத்தாலிய அறிஞர் 17, 19 ஆகிய அடுக்குகள் பகா எண்களைத் தரும் என்று நிறுவிப் புகழ் கொண்டவர். 1603-இல் வெளியான தம் நூலில், 23-ஆம் அடுக்கில் வரும் 83,88,607 என்பதும் பகா எண்ணே என்று அவர் எழுதினார். 1640-இல் பெர்மா அதன் காரணியைக் கண்டு அக்கூற்றை மறுத்தார். 23-ஐ இரட்டித்தால் 46. 46-ஆல் வகுத்தால் மீதி ஒன்று வரும் எண்களையே நீங்கள் சோதிக்க வேண்டும். தாளை எடுத்து வகுத்துப் பாருங்கள். நெடுநேரம் தேட வேண்டியிராது.